ராஜா புதைந்த மேடு, படை ஏறிய மேடு

மண் வேலை பார்க்கிறவனுக்கு எந்த மேட்டைக் கண்டாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: இது தானாக இருந்ததா, யாராவது கொட்டியதா? கொட்டியது என்றால் அடுத்த கேள்வி, கூலி யார் கொடுத்தது? ஜப்பானில் ஒகயாமா நகருக்கு மேற்கே நெல் வயல்களுக்கு நடுவில் நிற்கிற சுகுரியாமா மேட்டின் அடிவாரத்தில் இந்த இரண்டு கேள்வியும் வரிசையாக வந்தன. ஏறி இறங்கிய பிறகு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. ஒரு ராஜா தன் கல்லறைக்காக எழுப்பிய மேட்டை ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து எவனோ ஒரு படைத்தலைவன் வந்து காசு கொடுக்காமல் கோட்டையாக்கிக்கொண்டால், அதைத் திருட்டு என்பதா, கெட்டிக்காரத்தனம் என்பதா?

நான் சிரியத்துக்காரன். ரங்கூனிலிருந்து பாலம் தாண்டினால் எங்கள் ஊர். தாத்தா ராமநாதபுரத்திலிருந்து வயல் வேலைக்குக் கப்பல் ஏறி வந்தவர். நான் திலாவா தொழிற்பேட்டைப் பக்கம் மண் நிரப்பும் வேலைகளில் சூப்பர்வைசர். பேக்ஹோ, டம்பர், ரோலர் இவற்றோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன் என்பது என் மனைவியின் புகார். திலாவாவில் ஜப்பான்காரர்கள் நிறைய. அவர்களோடு பழகிய வகையில் ஒகயாமாவில் ஒரு பயிற்சிக்குப் போக வாய்த்தது. பயிற்சியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து மண்ணின் ஈரப்பதம் பற்றிப் படம் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்த இன்ஜினீயர் ஒருவர், நாங்கள் சயா (பர்மியில் வாத்தியார்) என்று கூப்பிடுகிறவர், “உங்களுக்கு மண் பிடிக்கும்தானே, வாங்க” என்று சைக்கிளில் கூட்டிப்போனார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானில் 3-ஆம் நூற்றாண்டிலிருந்து 7-ஆம் நூற்றாண்டு வரை பெரிய மனிதர்களைப் புதைக்க மண்மேடு எழுப்பினார்கள். கோஃபுன் என்று பெயர். சின்னதும் பெரியதுமாக நாடு முழுக்கச் சுமார் 1,60,000 இருக்கின்றன. அதில் பெரியவை ஒரு தனி வடிவம்: பின்பக்கம் வட்டமான குன்று, முன்பக்கம் அகன்ற மேடை, இரண்டும் நடுவில் இடுப்பு ஒடுங்கிச் சேர்ந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் பழைய காலத்துப் பூட்டின் சாவித்துவாரம் மாதிரி. ஒசாகா பக்கத்தில் சகாய் நகரில் இருக்கும் தைசென் மேடுதான் எல்லாவற்றிலும் பெரியது. 486 மீட்டர் நீளம் என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். அகழித் தண்ணீருக்கு அடியில் கிடப்பதையும் சேர்த்து அளந்தபோது 525 மீட்டரைத் தாண்டியது.

1985-இல் ஒபயாஷி என்ற கட்டுமான நிறுவனம் ஒரு காரியம் செய்தது. அந்தக் காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டு தைசென் மேட்டை இன்று கட்டினால் என்ன ஆகும் என்று எஸ்டிமேட் போட்டுப் பார்த்தது. உச்சக்கட்டத்தில் ஒரு நாளைக்கு 2,000 பேர். மொத்தம் 15 வருஷம் 8 மாதம். ஆள் கணக்கில் சுமார் 68 லட்சம் கூலி நாள். இந்த எண்களை எங்கள் சைட்டில் இருக்கும் மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “அட்வான்ஸ் வாங்கினானா, இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

சரி, சுகுரியாமா. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பியது. 350 மீட்டர் நீளம், நாட்டிலேயே நான்காவது பெரியது. முதல் மூன்றும் பேரரசர் கல்லறை என்று அரண்மனை நிர்வாகத்தின் பிடியில் இருப்பதால் யாரும் கால் வைக்க முடியாது. ஆகவே, சாதாரண மனிதன் ஏறி நடக்கக்கூடிய மேடுகளில் இதுவே பெரியது. ஏற்கெனவே இருந்த ஒரு மலைத்தொடரின் வாலை அறுத்துத் தனியாக்கி, செதுக்கி, மேலே மண் போட்டு மூன்று அடுக்காக உருவாக்கியிருக்கிறார்கள். பழைய ராஜாவின் ஆட்களும் மேட்டை ஒன்றுமில்லாத இடத்தில் எழுப்பவில்லை, பாருங்கள். இருக்கிற மலையை எடுத்துக்கொண்டார்கள்.

முன்பக்க மேடையில் ஒரு சின்னக் கோவில். அதன் பக்கத்தில் குடைந்து எடுத்த கல் சவப்பெட்டி ஒன்று, மூடி இல்லாமல், யாரோ கழுவி வைத்த தொட்டி மாதிரி கிடக்கிறது. கியூஷு தீவின் அசோ எரிமலைக் கல். அவ்வளவு தூரத்திலிருந்து கடல் வழியாக வந்திருக்கிறது. விளிம்பில் கை வைத்தால் சொரசொரவென்று இருந்தது, சிறு துளைகள். உள்ளே காய்ந்த இலை. சயா அதன் முன் தலை குனிந்துவிட்டு நகர்ந்தார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்; வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அங்கிருந்து இடுப்பு வழியாக இறங்கி வட்டக் குன்றின் மேல் ஏறினோம். நான் எதிர்பார்த்தது கவிழ்த்த சட்டி மாதிரி ஓர் உச்சியை. போய்ப் பார்த்தால் தட்டையாகச் சீவிய திடல். திடலின் ஓரத்தில் இடுப்பளவுக்கு ஒரு மண் வரப்பு. அதை மழை கொண்டுவந்து சேர்த்திருக்க முடியாது. மழை ஓரத்தை அரித்துத் தள்ளுமே தவிர, ஓரத்தில் வரப்பு கட்டாது. சயா சொன்னார், “இது ராஜா கட்டியது இல்லை. 1582.”

அந்த வருஷம் பக்கத்திலேயே ஒரு பெரிய முற்றுகை. ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவரச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நொபுனாகாவின் தளபதி ஹிதெயோஷி, மோரி குலத்தின் பக்கம் நின்ற தகமாத்சு கோட்டையை வளைத்துக்கொண்டிருந்தார். சதுப்பு நிலத்து நடுவில் இருந்த கோட்டை, நேரடியாகத் தாக்கி எடுக்க முடியவில்லை. அதைக் காப்பாற்ற வந்த மோரி தரப்பு இந்தக் கல்லறை மேட்டில் ஓர் அரண் போட்டது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். உச்சியைச் சமன் செய்து, அந்த மண்ணையே ஓரத்தில் வரப்பாக ஏற்றி, மரத்தடுப்பு நட்டு, காவல் போட்டால் முடிந்தது கோட்டை.

ஜப்பான் கோட்டை என்றால் நமக்கு ஞாபகம் வருவது வெள்ளைச் சுவரும் அடுக்குக் கூரையும் கற்சுவரும். அதெல்லாம் கடைசிக் காலத்து ஆடம்பரம். 1576-இல் நொபுனாகா அசுச்சியில் கட்டத் தொடங்கியதற்குப் பிறகுதான் அந்த மோஸ்தர் பரவியது. அதற்கு முன்னால் நூறு வருஷத்துக்கும் மேலாக ஊருக்கு ஊர் அடித்துக்கொண்ட காலத்தில், கோட்டை என்றால் வெட்டிய மண்ணும் கொட்டிய மண்ணும்தான். பள்ளம் தோண்டு, தோண்டிய மண்ணை உட்பக்கம் கரையாகப் போடு, உச்சியைத் தட்டையாக்கு, நுழைவழியை நேராக விடாமல் வளைத்து விடு. தண்ணீர் இல்லாத அகழிதான் பெரும்பாலும்.

இப்போது என் தொழில் கணக்குக்கு வருகிறேன். 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு கரை வேண்டும், உயரம் 2 மீட்டர், அடி அகலம் 5, மேல் அகலம் 1 என்று வையுங்கள். 600 கன மீட்டர் மண். மண்வெட்டியும் கூடையும் வைத்து வேலை செய்யும் ஆள் ஒருவர் நாளைக்கு 2 கன மீட்டர் தள்ளுவார் என்று கொண்டால், 100 பேருக்கு மூன்று நாள் வேலை. திமிசு போட்டு இறுக்க இன்னும் இரண்டு நாள். எதிரி வருவதற்குள் முடிந்துவிடும். ஆனால், அந்தக் கரை தரை மட்டத்தில் இருந்தால் 2 மீட்டர் உயரம்தான். அதையே முப்பது மீட்டர் உயரமுள்ள ராஜா மேட்டின் தலையில் போட்டால்? அந்த முப்பது மீட்டருக்கான கூலியை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இன்னொருத்தர் கொடுத்துவிட்டார். சமவெளியில் வேறு உயரமே கிடையாது. சில மேடுகளுக்கு அகழியில் தண்ணீரும் தயாராக நிற்கிறது. சாவித்துவார வடிவத்தின் ஒடுங்கிய இடுப்பில் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டினால் வட்டக் குன்று தனித் தீவு. படைத்தலைவன் வேறு எங்கே போவான்?

இப்படி ஆன மேடுகள் ஒன்றிரண்டல்ல. ஒசாகா பக்கம் ஹபிகினோவில் ஹதகெயாமா குலத்தாரின் தகாயா கோட்டை, பேரரசர் அன்கானின் கல்லறை என்று இன்று குறித்திருக்கும் மேட்டைச் சேர்த்துக்கொண்டு எழுந்தது. 1575-இல் நொபுனாகாவிடம் வீழ்ந்தது. அதே மேட்டிலிருந்து பிற்காலத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படும் பட்டை தீட்டிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்று, பாரசீகத்திலிருந்து வந்தது, டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாரா பக்கம் தென்ரி ஊரில் குரோசுகா மேட்டை மத்திய காலத்தில் அரணாக்கினார்கள். மேலே ஆட்கள் காவல் நிற்க, கீழே சரிந்து மூடிய கல்லறைக்குள் 34 வெண்கலக் கண்ணாடிகள் ஒருவர் கையும் படாமல் கிடந்திருக்கின்றன. 1998 வாக்கில்தான் அவை வெளிவந்தன. காவல்காரர்கள் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கை பரபரக்கிறது.

தகமாத்சுவில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் தொழில் தர்மம் ஆகாது. ஹிதெயோஷி கோட்டையை மூழ்கடிக்க முடிவு செய்தார். ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளம், 7 மீட்டர் உயரம், அடியில் 24 மீட்டர், மேலே 12 மீட்டர் அகலத்தில் கரை. 12 நாளில் முடித்து ஆற்றைத் திருப்பிவிட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. ஒரு மூட்டை மண்ணுக்கு 100 காசும் ஒரு படி அரிசியும் கூலி என்று அறிவித்ததும் சுற்றுவட்டார ஜனம் ஓடி வந்ததாம். மதுரையில் வந்திக் கிழவியின் பங்குக் கரையை அடைக்க உதிர்ந்த பிட்டுக்கு மண் சுமந்தவரை எனக்கு ஞாபகம் வந்தது. கரை உடையப்போகிறது என்றால் எந்த ஊரிலும் கூலி ஏறும்.

ஆனாலும் நான் கால்குலேட்டரை எடுத்தேன். 3,78,000 கன மீட்டர். 12 நாளில் என்றால் நாளைக்கு 31,500. என் கணக்குப்படி தினமும் கிட்டத்தட்ட 16,000 பேர் வெட்டிப் போட வேண்டும். சுமக்க, கொட்ட, இறுக்க அதற்கு மேல். நம்ப முடியவில்லை. சயா சிரித்துவிட்டு, ஆராய்ச்சியாளர்கள் பலருக்கும் அதே சந்தேகம்தான் என்றார். அந்த இடத்தில் ஆறு தானாகவே போட்டுவைத்த மேடு இருந்தது, தாழ்வான பகுதியை மட்டும் அடைத்தால் போதும், மீதியை மழைக்காலம் பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் கட்சி. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. மே கடைசியில் மழை பிடித்தால் எங்கள் சைட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்தவன் நான். ஹிதெயோஷியின் திறமை மண் போட்டதில் இல்லை, எங்கே போட வேண்டாம் என்று பார்த்ததில் இருக்கிறது. கல்லறை மேட்டில் ஏறியவர்களுக்கும் அதே கண்தான்.

முடிவு என்ன ஆனது என்று கேட்பீர்கள். முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே கியோத்தோவில் நொபுனாகாவை அவருடைய ஆளே கவிழ்த்துவிட்டான். சேதி மோரி தரப்புக்கு எட்டும் முன் ஹிதெயோஷி அவசரமாகச் சமாதானம் பேசினார். கோட்டைத் தலைவர் ஷிமிசு முனெஹரு வெள்ளத்தின் மேல் படகில் வந்து, இரு தரப்பும் பார்க்க வயிற்றைக் கிழித்துக்கொண்டார். மேட்டு அரணில் பெரிய சண்டை எதுவும் நடக்கவே இல்லை.

ஊர் திரும்பும் வழியில் டோக்கியோவில் தங்கினேன். தகதனோபாபாவில் நம் ரங்கூன் ஆட்கள் நிறைய, மொஹிங்கா என்கிற நம் மீன் குழம்பு நூடுல்ஸ் கிடைக்கும். அங்கிருந்து ரயிலில் சைதாமா மாகாணத்து கியோதாவுக்குப் போனேன், இன்னொரு மேட்டைப் பார்க்க. மாருஹகயாமா, 105 மீட்டர் விட்டம், முழு வட்டம். 1590-இல் இஷிதா மித்சுனாரி இதன் உச்சியில் பாசறை போட்டு ஓஷி கோட்டையை நோட்டம் விட்டார். இவரும் தண்ணீர் முற்றுகைதான் போட்டார். ஹிதெயோஷியின் ஆள், முதலாளியின் வித்தையைத் திரும்பச் செய்ய ஆசை. 28 கிலோமீட்டர் கரை! ஒரு வாரத்தில் போட்டதாகச் சொல்கிறார்கள். ஏற்கெனவே இருந்த கரைகளை இணைத்துத்தான் போட்டார்கள் என்றாலும், அவ்வளவு நீளத்தை ஒரு வாரத்தில் யார் இறுக்குவது? மழை வந்தது, கரை உடைந்தது, செத்தது தாக்க வந்த ஆட்கள். ஓஷி கோட்டை விழவில்லை. தலைமைக் கோட்டையான ஒதவாரா சரணடைந்த பிறகுதான் கதவைத் திறந்தது. உடைந்ததுபோக மிஞ்சிய கரையின் துண்டு இன்று மேட்டுக்குப் போகும் நடைபாதை. நடந்துகொண்டே காலால் தட்டிப் பார்த்தேன். 400 வருஷத்தில் இப்போது நன்றாக இறுகியிருக்கிறது.

பக்கத்திலேயே இனாரியாமா மேடு. அங்கே 1968-இல் கிடைத்த துருப்பிடித்த வாளை 1978-இல் எக்ஸ்ரே எடுத்தபோது தங்கத்தால் பதித்த 115 எழுத்துகள் தெரிந்தன. மித்சுனாரி நின்ற இடத்துக்கு எதிர் மேட்டில் ராஜாவிடம் சேவகம் பார்த்த ஒருவரின் வம்சாவளி முழுசாகப் புதைந்திருந்திருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு வழக்கில் கோட்டைக்காரர்கள் பக்கம் நான் பேசியாக வேண்டும். தகத்சுகி ஊரின் இமாஷிரோசுகா மேடு தாறுமாறாகக் குலைந்து கிடந்தது. கோட்டை கட்டியவர்கள் வெட்டித்தான் கெடுத்துவிட்டார்கள் என்று வெகுகாலம் பழி. தோண்டிப் பார்த்தால், மேட்டின் பெரும்பகுதி அப்படியே வழுக்கி அகழிக்குள் இறங்கியிருந்தது. 1596-இல் வந்த பெரிய பூகம்பம், ஹிதெயோஷியின் புஷிமி கோட்டையையே சாய்த்தது, அதன் வேலை. மேட்டை ஒட்டியே நிலப்பிளவு ஓடுகிறது. உள்ளே தண்ணீர் வடிய 6-ஆம் நூற்றாண்டில் கல் வடிகால் போட்டிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. வடிகால் போட்டு மண் நிரப்பியவனை நான் எந்த நூற்றாண்டிலும் மதிப்பேன். பூகம்பத்துக்கு அவன் என்ன செய்வான்?

வீட்டுக்கு வந்து போட்டோக்களை அம்மாவிடம் காட்டினேன். கல் சவப்பெட்டி வரும்வரை சந்தோஷமாகப் பார்த்தார்.

“ஏன்டா, செத்தவங்களைப் பொதைச்ச மேட்டு மேலயா ஏறி நின்னே? வந்து குளிச்சியா?”

“குளிச்சேன்மா. அது ஆயிரத்து அறுநூறு வருஷத்து மேடு.”

“எத்தனை வருஷமானா என்ன, செத்தவங்க செத்தவங்கதானே. அது மேல எவன் கோட்டை கட்டுவான்?”

எவன் கட்டுவான் என்ற கேள்விக்குப் பதில் பாலத்துக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. 1824 மே மாதம் ரங்கூனில் இறங்கிய ஆங்கிலேயர்கள் நேராக ஷ்வேடகோன் பகோடாவுக்குத்தான் போனார்கள். சுற்றிலும் தாழ்வான நிலம், நடுவே குன்று, குன்றைச் சுற்றி அடுக்கடுக்கான மேடை. பீரங்கி வைக்க இதைவிட இடம் எது? இரண்டு வருஷம் அது அவர்களுடைய கோட்டை. 1852-இல் மறுபடி பிடித்தார்கள். பகோடாவில் ராணுவத்தின் பிடி 1929 வரை முழுசாக விலகவில்லை. அந்த 1824 படையில் மதராஸ் சிப்பாய்கள் பெருவாரி. நம் ஊர் ஆட்களே பூட்ஸோடு அந்த மேடையில் காவல் நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு அம்மாவின் முகம்தான் தெரிகிறது. எதிரே பர்மியத் தளபதி மகா பண்டூலாவின் படை. அவர்கள் இரண்டு பேருக்கு ஒரு குழி தோண்டி, உள்ளே பக்கவாட்டில் குடைந்து, அரிசி, தண்ணீர், விறகோடு உட்கார்ந்திருந்த நேர்த்தியை எதிர்த்தரப்பு அதிகாரி ஒருவரே வியந்து எழுதிவைத்திருக்கிறார். மண் வேலையில் பர்மாக்காரர்கள் சோடை போகவில்லை.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசில்லை. சுகுரியாமாவில் புதைந்த ராஜாவின் பெயர் 1582-இல் யாருக்கும் தெரியாது, இன்றும் தெரியாது. அது அவர்களுக்கு ஒரு குன்று, அவ்வளவுதான். ஷ்வேடகோனில் பீரங்கியை ஏற்றியபோது ஜனம் கும்பிட்டுக்கொண்டிருந்தது. மேலே கேட்ட கேள்விக்கு, மோரி ஆட்களைக் கெட்டிக்காரர்கள் என்றுதான் சொல்வேன். மற்றவர்களுக்கு வேறு வார்த்தை வைத்திருக்கிறேன், அம்மா இதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார் என்பதால் எழுதவில்லை.

நம் ஆட்களில் ஒகயாமாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இப்போது அதிகம், ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். கிபி ரயில் பாதையில் பிசென் இச்சினோமியா நிலையத்தில் இறங்கினால் வாடகை சைக்கிள் கிடைக்கும். அங்கிருந்து சோஜா ஊர் வரை வயல் ஓரமாகத் தனி சைக்கிள் பாதை. சுகுரியாமா வழியில்தான் வரும். தகமாத்சு கோட்டை இருந்த இடத்துக்கு அதே ரயில் பாதையில் பிச்சூ தகமாத்சு நிலையம். ஹிதெயோஷியின் கரையில் மிஞ்சிய துண்டு கவாசுகஹனா என்ற இடத்தில் இருக்கிறது, அங்கிருந்து நடக்கிற தூரம். வெயில் காலத்தில் கொசு எங்கள் சிரியத்துக்குக் குறைவில்லை. முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.